பச்சை வீட்டில் மட்டும் கேட்காதீர்கள்

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விசாரணைக்குப் போகக் கூடாது என்று எங்கள் விதிகளில் எங்கும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

நான் நன்னடத்தை அலுவலர். இப்படிச் சொன்னால் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் சொல்லித்தருகிற டீச்சர் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். வேலை இதுதான்: முதல்முறை தப்பு செய்த ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு வருஷம் ஒழுங்காக இரு பார்க்கலாம் என்று கோர்ட்டு பிணையில் விடும். அந்த ஒழுங்கைக் கண்காணிக்கிறவள் நான். மாதம் ஒருமுறை என் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். குடிக்கக் கூடாது. சண்டை போடக் கூடாது. சொல்லாமல் மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது. அடிபட்டவர் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இதில் எதையாவது மீறினால் நான் போய் விசாரித்து அறிக்கை எழுதுவேன். பிணை தொடரலாமா, ரத்து செய்யலாமா என்று கோர்ட்டு அதைப் பார்த்துத்தான் யோசிக்கும். ரத்தானால் ஆள் நேராக ஜெயிலுக்கு.

நான் சொல்ல வந்த ஆள் ஒரு டிரைவர். நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுபவன். இருபத்தெட்டு வயசு, கொஞ்சம் நிலம், அம்மாவும் அவனும் மட்டும். சாலவாக்கத்தைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டின கிராமம். அறுவடை சமயத்தில் குடித்துவிட்டு, சவுக்குக் கட்டையால் அதே ஊர்க்காரர் ஒருவரின் வலது கையை உடைத்துவிட்டான். அவர் சொந்தமாக அறுவடை மெஷின் வைத்திருப்பவர், அதனால் ஊரில் அவருக்கு மெஷின்காரர் என்றே பெயர். கோர்ட்டில் டிரைவர் தப்பை ஒப்புக்கொண்டான். இரண்டு வருஷப் பிணை கிடைத்தது. அப்போது நான் விடுப்பில் இருந்ததால் முதல் அறிக்கையை வேறொருவர் எழுதினார், ஊருக்கு நான் போனதில்லை.

ஆடியிலிருந்து மார்கழி வரை ஆறு மாதம் தவறாமல் வந்தான். தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போடுவான், "வரேன் மேடம்" என்பான், போவான். தை மாதம் வரவில்லை. மாசியிலும் இல்லை. பங்குனியில் அனுப்பிய கடிதம் "ஆள் ஊரில் இல்லை" என்று திரும்பி வந்தது. கோர்ட்டு என்னிடம் அறிக்கை கேட்டது. அரசு வக்கீல் வழியில் பார்த்தபோது, "ரத்துதானே மேடம், ரெண்டு வரி எழுதிடுங்க" என்றார். எனக்கும் ரத்து என்றுதான் பட்டது. ஆனாலும் ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தால் அறிக்கை கனமாக இருக்கும்.

சித்திரை முகூர்த்த நாள் அது. வாலாஜாபாத்தில் என் தோழியின் பெண்ணுக்குக் கல்யாணம். சாப்பிட்டு முடித்ததும், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அப்படியே ஸ்கூட்டரை அந்தக் கிராமத்துக்கு விட்டேன். அரக்குப் பட்டு, தலையில் மூன்று முழம் மல்லிகை, வண்டியின் முன்னால் தேங்காய் வெற்றிலையோடு தாம்பூலப் பை. இந்தக் கோலத்தில் நான் போய் இறங்கியதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதோடு என் பழக்கம் ஒன்று. நான் யார், எதற்கு வந்தேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதில்லை. பிணையில் இருக்கிறவன் என்று தெரிந்தால் வேலை போகும், பேர் கெடும். அதனால் பொதுவாகத்தான் விசாரிப்பேன்: ஆள் எப்படி, குடிப்பாரா, கோபம் வருமா, வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா. பதினெட்டு வருஷமாக இப்படித்தான்.

ஊர் முனையில் ஒரு டீக்கடை. மனைவி டீ ஆற்ற, கணவர் போண்டா போட்டுக்கொண்டிருந்தார். "மெஷின் ஓட்டுற அந்தத் தம்பி எப்படிங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா என் புடவையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு புருஷனுக்கு ஒரு கண்ஜாடை.

"அந்தப் புள்ளயா? சொக்கத் தங்கம்மா. உக்காருங்க. ஏங்க, அம்மாவுக்கு சூடா போண்டா வெய்யுங்க."

"குடிப்பாரா?"

"டீயே குடிக்க மாட்டாம்மா. கடைக்கு வந்தா பாலுதான்."

"கோபம்?"

போண்டா கரண்டியோடு கணவர் திரும்பினார். "கோவமா? அவனுக்கா? தெரு நாயக்கூட வாங்க போங்கன்னுதாம்மா தொரத்துவான்."

"வெளியூர் அதிகம் போவாரோ?"

"வூடு உட்டா வயலு, வயலு உட்டா வூடு. உத்தரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கே அவனுக்கு வழி தெர்யாது."

அந்த பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் ஆறு மாதம் என் ஆபீசுக்கு வந்து போனான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் எழுத எழுத அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்து பால் சொசைட்டி. கேனோடு மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அவன் வெள்ளிக்கிழமை விரதம் என்றார் ஒருவர். சனிக்கிழமை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இருவரையும் முறைத்து, "ரெண்டு நாளும்தாம்மா, சாயங்காலம் ஒரு வாழப்பழம், அவ்ளோதான்" என்று சமாதானம் செய்துவைத்தார். சவுக்குக் கட்டையால் கையை உடைத்தவனைப் பற்றித்தான் இத்தனையும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே ஊரே சேர்ந்து சோறு அள்ளிப் போடுகிறது. இத்தனை பேரைப் பொய் சொல்லவைக்கிறவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பான்? பயமுறுத்தி வைத்திருக்கிறானா? வண்டியில் போகும்போதே அறிக்கை மனசுக்குள் தயாராகிவிட்டது. திருந்திய அறிகுறி இல்லை. சுற்றுப்புறம் உண்மையை மறைக்கிறது. பிணையை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவன் வீடு சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அவன் இல்லை. அவன் அம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். டீக்கடையிலிருந்து செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது போல. முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்து நின்றார்.

"எந்த ஊரும்மா?"

"காஞ்சிபுரங்க்கா."

"பொண்ணு இன்னா பண்ணுது?"

எனக்கு ஒரே பெண். யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்லிப் பழக்கம். "ஏனாத்தூர்ல காலேஜ் படிக்கிறா. கடைசி வருஷம்."

"சமையல்லாம் வருமா?"

"எங்கக்கா, சுடுதண்ணி வெப்பா."

"பரவால்லம்மா, நான் கத்துக் குடுத்துக்குறேன்."

இவர் எதற்கு என் பெண்ணுக்குச் சமையல் கற்றுத்தர வேண்டும் என்று யோசிக்கிறதுக்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "பொண்ணுக்கு இன்னா நட்சத்திரம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டுப்புடவை, பூ, தாம்பூலம், முகூர்த்த நாள், பையன் குடிப்பானா, கோபம் வருமா. நான் பெண் வீட்டுக்காரி! பையனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன்! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்துவைக்கிற நாட்டில், பாவம், அவர்கள் பத்துப் பதினைந்துதான் சொல்லியிருந்தார்கள். யாரும் யாருக்கும் பயப்படவில்லை. நான் எழுதிவைத்த நோட்டு முழுக்கச் சுத்த வேஸ்ட்டு.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "யார்கிட்ட வேணா கேளும்மா. கடைசித் தெருவுல பச்ச பெயிண்ட் அடிச்ச வூடு ஒண்ணு கீது. அங்க மட்டும் கேக்காதீங்க" என்றார்.

எனக்குச் சின்ன வயசிலிருந்து ஒரு வியாதி. போகாதே என்று சொன்ன இடத்துக்குக் கால் தானாகப் போகும். ஐந்தாவது நிமிஷம் பச்சை வீட்டு வாசலில் நின்றேன்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாகத் தையல் தழும்பு. இடது கையால் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். யார் என்று புரிந்துவிட்டது. மெஷின்காரர்.

"அந்த டிரைவர் தம்பியப் பத்தி விசாரிக்கணும்ணே" என்றேன். பெண் வீட்டுக்காரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இதில் பொய் எதுவும் கிடையாது என்று அப்போது எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அவர் என் பட்டுப்புடவையை மேலும் கீழும் பார்த்தார். "ஊர்ல நல்லவன் வல்லவன்னு சொல்லிருப்பாங்களே."

"சொன்னாங்க."

"நாளிக்கு உங்களுக்குத் தெரிஞ்சி, பொண்ணு கண்ணக் கசக்கிகினு வரக்கூடாது பாருங்க. நானே சொல்லிடுறேன். என் கைய ஒடச்சவன் அவன்தான். கேஸ் கீது. ரெண்டு வருசம் மாசா மாசம் கையெழுத்து போடணும். மூணு மாசமா போடல. அதுக்குக் காரணம் நான்."

நோட்டை எடுக்கக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஆப்பரேசன் பண்ணி பிளேட்டு வெச்சாங்க. லீவரு புடிக்க முடியல. வந்த டிரைவருங்க ஒருத்தனும் நிக்கல. ஒரு நாள் காலைல இவன் வந்தான். சாவி குடுன்னான். வேற எதுவும் பேசல. குடுத்தேன். அன்னிலேந்து அவன்தான் ஓட்றான். தை மாசம் தஞ்சாவூர் பக்கம் அறுப்பு. கையெழுத்து இருக்குது, நான் வரலன்னான். மூணு மாசம் மெஷின் நின்னா துரு புடிச்சிடும்டா, வாடான்னு நான்தான் இட்டுகினு போனேன். அங்க ஒரே கூடாரத்துலதான் படுத்துகினு இருந்தோம். ஒரு சொட்டு தொடல. நான்தான் ரெண்டு நாள் குடிச்சேன்."

"இதைக் கோர்ட்டுல சொல்லியிருக்கலாமேண்ணே?"

"எப்டி சொல்றது? என்கிட்டவே வரக்கூடாதுன்னு கண்டிசனாமே. வேல செய்றான்னு சொன்னா அதுக்கு வேற புடிச்சி உள்ள போட்டுடுவாங்கல்ல? அதுவும் இல்லாம என்னை யாரும் கேக்கல."

நான் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். படித்தார். இடது கையிலிருந்த செல்போன் நழுவிக் கட்டிலில் விழுந்தது.

"நீங்க பொண்ணு வூடு இல்லியா?"

"இல்லண்ணே. அவன் கையெழுத்துப் போடுறது என்கிட்டதான்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப நான் சொன்னது எதுவும் நடக்கல. அவன நான் பாத்தே ஒரு வருசம் ஆவுது" என்றார். முகத்தில் ஈ ஆடவில்லை.

நேரம் என்றால் நேரம், அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மெஷின் சத்தம். பெரிய அறுவடை மெஷின், மேலே டிரைவர், ஒரு கையில் மெஷின்காரர் வீட்டுச் சாப்பாட்டுத் தூக்கு. நேராக வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, என்னைப் பார்த்தான். தூக்கைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

மெஷின்காரர் எழுந்து நின்றார். "டேய்! யார் வாசல்ல வந்து நிக்கிற? உன் மூஞ்சில முழிச்சி ஒரு வருசம் ஆவுது, இன்னா தைரியம்டா உனக்கு!"

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு அவனுக்கும் புரிந்துவிட்டது. தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவனும் கத்தினான். "யோவ், ரோடு இன்னா உன் ஊட்டு சொத்தா? உன்கூட எவன் பேசுவான்?"

"போடா!"

"போய்யா! இன்னொரு கையும் கீது, ஞாபகம் வெச்சிக்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முகம் வெளிறிப் போயிற்று. மெஷின்காரர் வாய்க்குள்ளேயே, "டேய், அவ்ளோலாம் வாணாம்டா" என்றார்.

நட்பு இல்லை என்று எனக்குக் காட்டுவதற்காக இரண்டு பேரும் என் கண்ணெதிரில் சண்டை போடக் கூடாது என்ற நிபந்தனையை மீறிக்கொண்டிருந்தார்கள். என் பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு மீறலை நான் பார்த்ததில்லை. அதிகாரி சிரிக்கக் கூடாது. மல்லிகைப்பூ குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. டிரைவர் இரண்டு கையையும் கூப்பினான். "மேடம், உள்ள போட்டா அம்மாக்கு யாரும் இல்ல மேடம்" என்றான். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அறிக்கை எழுத உட்கார்ந்தால் அன்றைக்குத் தூக்கம் போயிற்று. வழக்கமாக நாங்கள் பார்க்கிறது தெரிந்ததுதான். வேண்டுமென்றே மீறினானா, புதுக் குற்றம் உண்டா, வேலை இருக்கிறதா, குடி விட்டதா, அடிபட்டவருக்கு இன்னும் ஆபத்தா. அவன் குடிக்கவில்லை என்பதற்கும், வேலை செய்தான் என்பதற்கும், ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரே சாட்சி மெஷின்காரர். அவரைச் சாட்சியாக எழுதினால், அவரோடு பழகக் கூடாது என்ற நிபந்தனையை மாதக்கணக்கில் மீறியவனாகிறான். எழுதாவிட்டால் காரணமில்லாமல் ஓடிப்போனவனாகிறான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பட்டுப்புடவையையும் எழுதினேன். சண்டை நாடகத்தையும் எழுதினேன். பிணை தொடரலாம், நிபந்தனையை மாற்றலாம் என்று முடித்தேன்.

கோர்ட்டில் நீதிபதி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஒருமுறை வாயைக் கையால் மூடிக்கொண்டார். அரசு வக்கீல் எழுந்து, மூன்று மாதம் கையெழுத்து இல்லை, மாவட்டம் தாண்டிப் போயிருக்கிறான், பாதிக்கப்பட்டவரையே அணுகியிருக்கிறான், இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. டிரைவர் ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வராந்தாவில் அவன் அம்மா. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான்.

நீதிபதி மெஷின்காரரைக் கூப்பிட்டார். "இவரால உங்களுக்குப் பயம் இருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"டிரைவர் வேணுமேன்னு சொல்றீங்களா?"

மெஷின்காரர் இடது கையால் வலது கையைத் தடவிக்கொண்டே நின்றார். "டிரைவரு வேற ஆள் கெடைப்பாங்க ஐயா. அந்த வருசம் மொதல்ல உன் நெல்ல அறுத்துட்டுதாண்டா வேற இடம் போவேன்னு இவனுக்கு வாக்கு குடுத்திருந்தேன். பெரிய கையி ஒருத்தர் கூப்ட்டாருன்னு அங்க போய்ட்டேன். மறுநாள் மய கொட்டிடுச்சி. இவன் நெல்லு சாஞ்சி, மொளச்சிப் போச்சி. அப்பாலதான் குடிச்சிட்டு வந்து அடிச்சான். அடிச்சது தப்புதான். ஆனா நான் பண்ணதும் தப்புதானே ஐயா? அத்த எந்தப் பேப்பர்லயும் எழுதல. இவனும் சொல்லல."

டிரைவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். வாக்குத் தவறிய கதையை நானும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

பிணை தொடரும் என்று உத்தரவு வந்தது. கடுமையாக எச்சரித்தார்கள். மெஷின்காரரை நெருங்கக் கூடாது என்ற நிபந்தனை போயிற்று. அறுவடைக்கு வெளி மாவட்டம் போவதானால் முன்னாலேயே என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வராந்தாவில் அவன் அம்மா அழுதார். பிறகு என்னிடம் வந்து, "இருந்தாலும் நீ சொல்லிருக்கணும்மா" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஏனோ பீரோவைத் திறந்தேன். பழைய அறிக்கைகளின் நகல்கள் கட்டுக் கட்டாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு கட்டம் உண்டு, பாதிக்கப்பட்டவரின் கருத்து என்று. ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நேரில் கிடைக்கவில்லை. நேரில் கிடைக்கவில்லை. நேரில் கிடைக்கவில்லை. எல்லாம் என் கையெழுத்து, அழகான கையெழுத்து. அதில் பெரும்பாலானவற்றை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே எழுதினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதில் ஒன்று ரத்தான கேஸ். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் இரண்டு தொழிலாளிகளுக்குள் அடிதடி. அடித்தவன் இரண்டு தடவை கையெழுத்துக்கு வரவில்லை. நான் இரண்டு வரி எழுதினேன். ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து, குடும்பத்தோடு எங்கோ போய்விட்டான்.

மறுநாள் சாதாரணப் புடவை கட்டிக்கொண்டு அந்த மில்லுக்குப் போனேன். வாசலில் நின்றிருந்தவரிடம் அடிபட்டவரின் பெயரைச் சொன்னேன். உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். தவிட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டே ஒருவர் வந்தார்.

"உங்களை அப்போ தேடினப்ப ஆள் கிடைக்கலன்னு எழுதியிருக்கு" என்றேன்.

"யாரு தேடுனாங்க?" என்றார். "பன்னெண்டு வருசமா நான் இங்கதாம்மா கீறேன்."